தளிகைக்குப் பிறகு யானைக்கால் மாத்திரை

ஆந்திர எல்லையில், குடுபல்லியை அடுத்த சிற்றூர் ஒன்றில் ஆஷா சுகாதாரப் பணியாளர் கல்பனா. யானைக்கால் நோய்த் தடுப்பு மாத்திரையை வீடு வீடாகக் கொண்டுபோய், கண்ணெதிரே விழுங்க வைப்பது அவள் வேலை. கையில் கொடுத்துவிட்டு வந்தால் அது கூரை இடுக்குக்குப் போய்விடும்.

போன வருஷம் மாத்திரை நாள் புரட்டாசிச் சனிக்கிழமையில் வந்தது. அன்று ஊரே ஒருபொழுது. பெருமாளுக்குத் தளிகை போட்டு, கோவிந்தா சொன்ன பிறகுதான் வாயில் பருக்கை படும். மேலிடத்து அவசரத்தில் காலையிலேயே மாத்திரை கொடுத்தார்கள். வெறும் வயிற்றில் விழுங்கிய பச்சையம்மாள் வாசலிலேயே வாந்தியெடுத்துச் சாய்ந்தாள். அதற்கப்புறம் அந்தத் தெரு தடுப்பூசிக்குக்கூடக் கைக்குழந்தைகளைத் தரவில்லை. கல்பனாவை அதுதான் உறுத்தியது.

இந்த வருஷமும் சனிக்கிழமைதான். தேதியை மாற்ற முடியாது என்றார் சுகாதார நிலையத்து நர்ஸம்மா, தெலுங்கு கலந்த தமிழில்.

"நேரத்தையாவது என்கிட்ட விடுங்க மேடம். தளிகை ஆனதும் போறேன்."

"மத்தியானத்துக்கே ரிப்போர்ட் கேப்பாங்க கதா?"

"காலையில போனா அனுப்புறதுக்கு ஒண்ணுமே இருக்காது மேடம்."

"சரேலே, சாயந்திரம் அனுப்பு" என்றார் நர்ஸம்மா.

கல்பனா போய்ச் சேர்ந்தபோது தெருவில் இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"வந்துட்டியா? இந்த வருசமும் என்னைச் சாய்க்கப் போறியா?" என்றாள் பச்சையம்மாள்.

"சாப்டாச்சா அத்த?"

"பொங்கலு, வடை எல்லாம் துன்னாச்சு. மாத்திரைக்குத்தான் எடமில்ல."

கூடியிருந்த பெண்கள் சிரித்தார்கள். ஆனால் ஒருத்தியும் கை நீட்டவில்லை. எல்லோரும் பச்சையம்மாள் முகத்தையே பார்த்தார்கள்.

"நீ துன்னியாடி?"

"இல்ல அத்த, நானும் ஒருபொழுதுதான்."

"அப்ப குந்து. துன்னுட்டு மொதல்ல நீ முழுங்கு."

கல்பனா உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டாள். தன் பங்கு மாத்திரைகளை விழுங்கினாள். பச்சையம்மாள் விடவில்லை.

"வாயத் தொற. எங்களை மட்டும் தொறக்கச் சொல்றே இல்ல?"

கல்பனா சிரித்தபடி வாயைத் திறந்து காட்டினாள். பிறகுதான் பச்சையம்மாள் தன் கையை நீட்டினாள். "எனக்கு ஒண்ணும் ஆகலன்னு தெரியற வரைக்கும் நீ நகரக் கூடாது."

கல்பனா நகரவில்லை. பச்சையம்மாள் பக்கத்திலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். மற்ற பெண்கள் செம்பில் தண்ணீரோடு ஒவ்வொருத்தியாக அங்கேயே வந்து விழுங்கிவிட்டுப் போனார்கள்.

வெயில் தாழ்ந்ததும் பச்சையம்மாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட எழுந்தாள்.

"இன்னும் இன்னாத்துக்குக் குந்திக்கினு கீற? எதிர்வூட்டு சந்தியா புள்ளைக்கு ஊசி பாக்கின்னு சொன்னியே, போய்க் கேளு. நான் சொன்னேன்னு சொல்லு."