போர்ட்டோஃபினோவில் கேட்ட சீ

ஸ்ரீரங்கத்துக்காரருக்கு வாழ்க்கைப்பட்டதில் ஒரு சங்கடம், எந்த ஊருக்குப் போனாலும் மனுஷர் வழி கேட்கமாட்டார். "வலதுபக்கமாவே திரும்பிக்கிட்டுப் போனா கிளம்பின இடத்துக்கே வந்துடலாம்" என்பது என் கணவரின் சித்தாந்தம். கோயிலைச் சுற்றிச் சுற்றி வீதி போட்ட ஊரில் அது சரி. நான் புத்தூர்க்காரி. ஆஸ்பத்திரிக்கு எதிரே, பேக்கரிக்குப் பக்கத்தில் என்று சொன்னால்தான் எனக்கு வழி புரியும்.

இத்தாலியில், மிலானில் வேலை பார்க்கும் எங்கள் மகளுக்கு அன்று லீவு கிடைக்கவில்லை. எங்கள் இருவரை மட்டும் போர்ட்டோஃபினோவுக்கு அனுப்பிவைத்தாள். படத்தில் பார்த்த அதே கடலோரக் கிராமம்தான். மஞ்சளும் ரோஸுமாக வீடுகள், பச்சைத் தண்ணீர், படகுகள். எனக்கோ எல்லா வீடும் ஒரே வீடாகத் தெரிந்தது. ஜன்னல்களில் சில நிஜமே இல்லை, சுவரில் வரைந்தவை. எது ஜன்னல், எது படம் என்று நான் முழித்துக்கொண்டிருந்தபோது, "பாத்ரூம் போயிட்டு வரேன், இங்கயே இரு" என்று போனவர் வரவே இல்லை.

கடைசிப் படகுக்கு ஆட்கள் வரிசையில் நிற்க ஆரம்பித்துவிட்டார்கள். என் போனில் சிம் இல்லை, அவர் படம் மட்டும் இருந்தது. அதை ஐஸ்கிரீம் கடைப் பெண்ணிடம் காட்டி, "ஹஸ்பண்ட். பாத்தீங்களா?" என்றேன்.

உற்றுப் பார்த்துவிட்டு, "சீ, சீ" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. அழகில்லைதான், அதற்காக? பக்கத்துக் கடைக்காரரிடம் காட்டினேன். அவரும் சிரித்த முகத்தோடு "சீ" என்று சொல்லி, மேலே போகும் படிக்கட்டைக் காட்டினார். காறித் துப்புகிறவர் எதற்கு வழி காட்டுகிறார்? கோபப்படுவதா அழுவதா என்று தெரியாமலே ஏறினேன்.

மேட்டில் ஒரு சர்ச். அதை வலம் வந்துகொண்டிருந்தார் என் கணவர், சட்டையெல்லாம் வேர்வை.

"எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல்தான் வருது. இங்க கோபுரம் தெரிஞ்சுது. இதையே சுத்திக்கிட்டு இருந்தா எப்படியும் நீ வந்துடுவேன்னு தெரியும்."

இறங்கும்போது கடைக்காரர்கள் சொன்ன சீயைப் பற்றிப் புலம்பினேன். "இங்க சீன்னா ஆமாம்னு அர்த்தம்டி. நம்ம பொண்ணு சொன்னாளே" என்று சிரித்தார். சொல்லும்போதே என் கையைப் பிடித்துக்கொண்டார். வீதியில் கை பிடிக்கிற ரகமே இல்லை அவர். கை சில்லிட்டிருந்தது.

"என்னைக் காணோம்னு பயந்துட்டீங்களா?"

"சீ" என்றார்.

எந்த ஊர்ச் சீ என்று நான் கேட்கவில்லை.