நான் தண்டவாளத்தை அடித்த காலை

லிங்கி ஆறு கடலில் சேரும் இடத்துக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது எங்கள் தோட்டம். மேட்டில் ரப்பர், பள்ளத்தில் தென்னை. பள்ளத்துக்கும் ஆற்றுக்கும் நடுவே ஆள் உயரத்துக்கு ஒரு மண்கரை. கரைக்கு இந்தப் பக்கம்தான் லயம், எங்கள் வீட்டு வரிசை. பெரிய ஏற்றம் வரும் நாட்களில் கடல் தண்ணீர் கரைக்கு அந்தப் பக்கம் இடுப்பளவு நிற்கும்; இந்தப் பக்கம் நாங்கள் உலை வைத்துக்கொண்டிருப்போம். வெள்ளைக்காரத் துரை வருஷா வருஷம் ஆள் வைத்துக் கரையை உயர்த்துவார், மதகுப் பலகையை மாற்றுவார். அதனால் யாருக்கும் பயமில்லை.

ஜப்பான்காரன் வந்ததும் துரை ஓடிவிட்டார். கரை வேலை தெரிந்த ஆட்களைச் சயாமில் ரயில் பாதை போட லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கரையெல்லாம் நண்டு வளை. மதகுப் பலகை உளுத்துப்போனது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய, யார் மண் சுமப்பது?

மேட்டில் ஆபீசுக்கு முன்னால் ஒரு மரக்கிளையில் தண்டவாளத் துண்டு ஒன்று தொங்கும். காலையில் எங்களை வேலை வாங்கும் மண்டோர் அதை அடித்தால் பெரட்டு. எல்லோரும் மேடேறிப் போய் வரிசையில் நின்று பேர் கொடுக்க வேண்டும். அந்த அடி நிதானமாக இருக்கும். ஒரு அடி, கொஞ்சம் இடைவெளி, இன்னொரு அடி. ஆள் பிடிக்க லாரிகள் வர ஆரம்பித்த பிறகு நாங்களாகவே இன்னொரு அடியையும் வைத்துக்கொண்டோம். மேட்டில் யார் இருந்தாலும் சரி, செம்மண் சாலையில் லாரியைக் கண்டால் விடாமல் அடிக்க வேண்டும். அதைக் கேட்டதும் ஆண்கள் கரையைத் தாண்டி ஆற்றோரப் பாக்காவ் காட்டுக்குள் ஓடிவிடுவார்கள். மரத்து வேரெல்லாம் வெளியே நிற்கிற சேற்றுக்காடு அது. பூட்ஸ் போட்டவன் அதற்குள் இறங்கமாட்டான். பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்க வேண்டும். இரண்டு தடவை இப்படித் தப்பித்தோம். எங்கள் கெட்டிக்காரத்தனத்தில் எங்களுக்கு அவ்வளவு பெருமை.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது, கல்யாணமாகி எட்டு மாதம். வீட்டில் நான், அவர், அவருடைய அம்மா. அத்தைக்கு அவர் ஒரே பிள்ளை. மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்குதான். அவர் தட்டின் முன்னால் உட்கார்ந்து, "இன்னைக்கு என்ன புள்ள, கோழியா ஆடா?" என்பார். "ஆடுதான். கொம்பு தொண்டையில சிக்காமப் பாத்துத் தின்னுங்க" என்பேன். எனக்கு எப்போதும் வாய் கொஞ்சம் நீளம். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்.

அது அமாவாசைக்கு அடுத்த நாள். விடிந்தும் மேற்கே வெளுக்கவில்லை. சுமத்ரா காற்று என்று சொல்வோம். கடலைத் தாண்டி வந்து ஒரு மணி நேரம் ஆட்டிவைத்துவிட்டுப் போகும். அன்று அது பெரிய ஏற்றத்தோடு சேர்ந்துகொண்டது. மண்டோருக்குக் காய்ச்சல், அதனால் பெரட்டு இன்னும் அடிக்கவில்லை. ஆபீஸ் படியில் காயவைத்திருந்த கிழங்குச் சில்லை மழைக்கு முன்னால் அள்ளுவதற்காக நான் மட்டும் மேட்டுக்குப் போனேன்.

குனிந்து அள்ளிக்கொண்டிருந்தபோது ஆபீஸ் கூரைத் தகரம் ஒன்று பிய்த்துக்கொண்டு போனது. நிமிர்ந்தேன். கீழே தென்னைகளுக்கு நடுவே மண் நிறத்தில் ஏதோ நகர்ந்தது. யாரோ மாடுகளை அவிழ்த்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். மாடு இல்லை. மதகு உடைந்து கடல் உள்ளே வந்துகொண்டிருந்தது.

கத்தினேன். காற்று என் சத்தத்தை என் வாய்க்குள்ளேயே திருப்பித் தள்ளியது. ஓடிப்போய் இரும்புக் கம்பியை எடுத்துத் தண்டவாளத்தை அடித்தேன். பயந்த கை எப்படி அடிக்கும்? விடாமல்தான் அடித்தது.

லயத்தில் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. அதைப் பார்த்த பிறகுதான் நான் செய்த காரியம் எனக்கு விளங்கியது. மூன்று ஆண்கள் வெளியே பாய்ந்து கரையை நோக்கி ஓடினார்கள். முன்னால் ஓடியவர் அவர். இடுப்பில் நீலக் கட்டம் போட்ட சாரோங். கையை நிறுத்தினேன். பிறகு நிதானமாக அடித்துப் பார்த்தேன், பெரட்டுக்கு அடிப்பதுபோல. முதலிலேயே அப்படி அடித்திருந்தால் ஆணும் பெண்ணும் முணுமுணுத்துக்கொண்டே மேட்டுக்கு ஏறி வந்திருப்பார்கள். இப்போது யார் கேட்பது? அவர் கரைமேல் ஏறினார். அந்தப் பக்கம் தண்ணீர் முட்டி நிற்பது அவர் கண்ணுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தண்ணீரா லாரியா என்றால் அந்தக் காலத்தில் எங்களுக்கு லாரிதான் பெரிய பயம். திரும்பிப் பார்க்காமல் குதித்தார்.

நான் கீழே ஓடினேன். ஒவ்வொரு கதவாகத் தட்டி, "தண்ணி, தண்ணி, மேட்டுக்குப் போங்க!" என்று கூவினேன். எங்கள் வீட்டில் அத்தை கதவுக்கு முதுகைக் கொடுத்துத் தரையில் உட்கார்ந்திருந்தார். மார்பு வரைக்கும் தண்ணீர். "வீட்டுல ஆம்பளை இல்லீங்க, யாரும் இல்லீங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கதவைத் தள்ளித் திறந்து கையைப் பிடித்து இழுத்தபோது, "லாரி போயிடுச்சா?" என்று கேட்டார்.

லயத்தில் ஒரு பெண்ணும் சாகவில்லை, ஒரு குழந்தையும் சாகவில்லை. இதைச் சொல்லி என்னை நானே தேற்றிக்கொள்ள எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். தேறவில்லை.

மத்தியானம் தண்ணீர் வடிந்தது. ஓடிய மூவரில் இருவர் மரத்தில் தொற்றிப் பிழைத்து வந்தார்கள். "அவன் முன்னாடியே உள்ள போயிட்டான், மழையில ஒண்ணும் தெரியல" என்றார்கள். நான்கு நாள் சேற்றில் தேடினோம். ஒரு துணிகூடக் கிடைக்கவில்லை. அத்தை ஒரே ஒரு தடவை கேட்டார்: "லாரிய யாரு பாத்தது?" நான், "தெரியல அத்தை" என்றேன்.

பிறகு யாரோ ஒருவர், ஆற்று வாயில் ஜப்பான்காரன் படகு நின்றதாம், அதில் பிடித்துச் சயாமுக்குக் கொண்டுபோயிருப்பான் என்று கிளப்பிவிட்டார். அதைக் கேட்டபோது என் வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. கேவலம்தான். சயாமுக்குப் போனவர்கள் என்ன ஆனார்கள் என்று தெரிந்தும், கட்டின புருஷனை ஜப்பான்காரன்தான் பிடித்திருக்கட்டும் என்று மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டவள் நான்.

மேல்காற்று எழும்பினால் போய்க் கதவைத் திறந்து வைப்பேன். மழைச்சாரல் உள்ளே அடிக்கும், பாய் நனையும். ஏன் என்று அத்தை கேட்டதில்லை. தண்ணீர் இறங்கிய நேரத்தில் பாக்காவ் வேர்களுக்குள் நீலமாக எது தெரிந்தாலும் இறங்கிப் போய்ப் பார்ப்பேன். அவர் முகம் எனக்குச் சீக்கிரமே மறந்துவிட்டது. ஓடுகிற முதுகு மட்டும் இன்றுவரை போகவில்லை.

ஜப்பான்காரன் தோற்ற பிறகு, சயாமிலிருந்து மிஞ்சியவர்கள் திரும்ப ஆரம்பித்தார்கள். ஒரு நாள் பக்கத்துத் தோட்டத்து ஆள் ஒருவர் எங்கள் லயத்துப் பக்கம் வந்தார். காலெல்லாம் புண், கண் மட்டும் பெரிதாக இருந்தது. அத்தை அவரை உட்காரவைத்துக் கஞ்சி கொடுத்தார். குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து, மகனுடைய பேரைச் சொல்லிக் கேட்டார்.

வந்தவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். அத்தையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "பாத்தேன் ஆத்தா. எங்க கேம்ப்லதான் இருந்தாரு. காய்ச்சல்ல போயிட்டாரு. ரொம்ப இழுத்துக்கல, தூக்கத்துலயே போயிட்டாரு."

என் வீட்டுக்காரருக்கு இடது கையில் ஒரு விரல் பாதிதான். அது எந்த விரல் என்று இந்த ஆள் சொல்லிவிட்டால், நான் அடித்தது அவரைக் கொல்லவில்லை. "அவரு கையில..." என்று ஆரம்பித்தேன். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார்.

"கேக்காத புள்ள."

அந்த ஆள் போன பிறகும் பிடியை விடவில்லை. "அன்னைக்கு மேட்டுல நீ ஒருத்திதான் இருந்தேன்னு எனக்குத் தெரியாதா?" என்றார். குரலில் கோபமில்லை, அழுகையுமில்லை. "எனக்கு வேற யாரு இருக்கா? உனக்குத்தான் யாரு இருக்கா? நாம ரெண்டு பேரும் ஒரே அடுப்புல ஆக்கித் திங்கணும். அவன் சயாம்லயே செத்தான்னு இருக்கட்டும்."

மறுநாள் அத்தையே என் தாலியைக் கழற்றினார். அதற்குப் பிறகு பல வருஷம் ஒரே அடுப்பில்தான் ஆக்கித் தின்றோம். என்னை மன்னித்துவிட்டாரா என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரே என்று பயம்.