கடலோரத்தில் ஒரு நிலைவாசல்

நான் கொத்தனார். பெரம்பலூர் பக்கம் லப்பைக்குடிக்காட்டுக்காரன். பதினாறு வருசம் வளைகுடாவுல வேலை பார்த்தேன். ஊர்ல எங்க வூட்ட வேற கொத்தனாருங்க கட்டுனாங்க. குடிபோன அன்னைக்கு எனக்கு லீவு கிடைக்கல. என் மனைவி பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டு உள்ள போனா. நான் போன்ல பார்த்தேன்.

அடுத்த வருசம் ஒரு மாசத்துக்கு விசிட் விசாவுல அவள அழைச்சேன். பிள்ளைங்கள அவ அம்மா வச்சுக்கிட்டாங்க.

மாசம் முடிய நாலு நாள் இருந்துச்சு. மறுநாள் கம்பெனியில இன்னும் ரெண்டு வருசத்துக்கு நான் கையெழுத்துப் போடணும். அவளுக்குத் தெரியும். வேணாம்னு சொல்லல. ரெண்டு நாளா பேச்சு மட்டும் இல்ல.

அன்னைக்கு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடிஞ்சு கடற்கரைக்குப் போனோம். நடக்குற பாதை ஓரமா சிலை வச்சிருக்காங்கன்னு பக்கத்து ரூம்ல சொல்லியிருந்தாங்க.

"செலயா? அதப் போயி நாம பாக்கலாமா?"

"ஆள் செல இல்லயாம். வா."

நான் முன்னால போயிடுவேன். தனியா நடந்தே பழகின காலு. அவ ஒவ்வொண்ணா நின்னு பார்த்தா. நின்னு நின்னு கூட்டிக்கிட்டுப் போனேன்.

ஒரு இடத்துல துருப்பிடிச்ச கம்பியச் சுருட்டி ஆள் உசரத்துக்கு வச்சிருந்தாங்க.

"இதுக்கா பஸ்ஸேறி வந்தோம்? நம்ம மாடியில கெடக்குற மிச்சக் கம்பி இதவிட நல்லாருக்கும்"னா.

அப்பதான் சிரிச்சா.

கடைசியில மணல்ல ஒரு நிலைவாசல். சுவர் இல்ல, கூரை இல்ல. சட்டத்துக்குள்ள கடல் தெரிஞ்சுது. நான் ஒரு கண்ண மூடி, தூக்கு சரியா, சாயாம நேரா நிக்குதான்னு பார்த்தேன். சரியாத்தான் நின்னுச்சு. திரும்பினா, அவ செருப்பக் கழட்டுறா.

"இது வூடு இல்லம்மா. செருப்போட போகலாம்."

கேக்கல. ஜோடியா ஓரமா வச்சா. பிஸ்மி சொல்லி வலது கால எடுத்து வச்சா. அந்தப் பக்கம் போயி நின்னு, கடலப் பார்த்து சலாம் சொன்னா. ரெண்டு பேர் போட்டோ எடுத்தாங்க. எனக்குக் கூச்சமா போச்சு.

"ஏன் வெளியவே நிக்கிறீங்க? அங்கதான் வரல. இங்கயாவது வாங்க."

முகம் சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு. கண்ணு அப்படி இல்ல.

நானும் கழட்டினேன். வலது கால வச்சுப் போனேன். சலாம் சொன்னேன். பதில் சொன்னா. பக்கத்துல உக்காந்தோம்.

"நாளைக்குக் கையெழுத்துப் போடுவீங்களா?"

"ஊருக்கு வந்து என்ன செய்யறது?"

"பெரம்பலூர்ல யாரும் வூடு கட்டாமயா இருக்காங்க? பகல்ல அதக் கட்டுங்க. பொழுது சாஞ்சா நம்ம வூட்டுக்கு வாங்க."

நான் எழுந்து போயி ரெண்டு பேர் செருப்பையும் எடுத்துக்கிட்டு வந்தேன்.

மறுநாள் ஆபீஸ்ல பேப்பர நீட்டுனாங்க. திருப்பிக் கொடுத்துட்டேன். ஏன்னு கேட்டாங்க. ஊர்ல வேலை இருக்கு சார்னேன்.

சாயங்காலம் அவகிட்ட சொன்னேன். அடுப்புப் பக்கம் திரும்பிக்கிட்டா. ரொம்ப நேரம் கிண்டிக்கிட்டே இருந்தா.

அப்புறம் சொன்னா: "வரும்போது பெட்டி பெட்டியா கட்டிக்கிட்டு வராதீங்க. ஆளு வந்தா போதும்."