பிறிஜெற்றின் துணிப் பை

வத்தளைச் சூசைதாசனின் மூத்த மகள் பிறிஜெற், கொட்டாஞ்சேனைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். மழை பெய்தால் ஒழுங்கையோரச் சாக்கடைக் கானை மெல்லிய பிளாஸ்டிக் சொப்பிங் பைகள் அடைத்துக்கொள்ள, தண்ணீர் அவள் வீட்டுக்குள்தான் ஏறும். தன் கையால் ஒரு பையும் கானுக்குள் போகக் கூடாதென்று, புருஷனின் பழைய காற்சட்டையில் பை தைத்துச் சந்தைக்குக் கொண்டுபோனாள்.

நகரில் குண்டு வெடித்ததும் சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி வந்தது. துணிப் பைக்குள் இருப்பது வெளியே தெரியாதே! ஆமிக்காரன் தினமும் அதைத் தெருவில் கொட்டச் சொன்னான். உள்ளே இருப்பது வெளியே தெரிகிற சொப்பிங் பைக்காரர்கள் நிற்காமல் போனார்கள்.

நாலாம் நாள் மீன்கார ஹியூபேட் சிரித்தான்.

"என்னக்கா, இண்டைக்கும் றோட்டிலயா கறி வைக்கப் போறீங்க?"

"பகிடி விடாத தம்பி. நேற்று அரை மணித்தியாலம் மறிச்சிட்டான். சின்னவள் பள்ளிக்கூட வாசல்ல தனிய நிண்டு அழுதிருக்கிறாள்."

"அப்ப சொப்பிங் பையில போடவா?"

பிறிஜெற் துணிப் பையை மடித்து அவனிடம் நீட்டினாள்.

"போடு. மரக்கறிக்கும் ஒண்டு தா. இந்தத் துணிப் பையை நீயே வைச்சிரு. மடிச்சுக் கொண்டுபோனாலும் விரிச்சுப் பாப்பான்."

சாவடி கண்ணில் பட்டதுமே, ஆமிக்காரனுக்கு நன்றாகத் தெரியட்டுமென்று இரண்டு பைகளையும் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.