குழந்தை இருந்த இடத்தில் ஒரு மூட்டை

கல்லலுக்கு ரயில் ஓடத் தொடங்கி இரண்டு மூன்று வருஷங்கள் ஆகியிருந்த சமயம். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. காரைக்குடியில் ஒரு வாரப் பத்திரிகையில் படம் போடுகிறவனாக இருந்தேன்.

எங்கள் ஆசிரியர் வாரம் ஒரு சொல் கொடுப்பார். திங்கட்கிழமை காலையில் ஒரு துண்டுக் காகிதத்தில் ‘மழை’ என்றோ ‘சந்தை’ என்றோ எழுதி என் மேஜையில் வைத்துவிட்டுப் போவார். வேறு விளக்கம் கிடையாது. வியாழக்கிழமைக்குள் அந்தச் சொல்லுக்கு முதல் பக்கத்தில் ஒரு படம் வேண்டும். மதராஸுக்கு அனுப்பி அச்சுக்கான பிளாக் செய்துவர எங்களுக்கு வசதியில்லை. நானே படத்தை மரக்கட்டையில் செதுக்குவேன். அதில் மை தடவி அச்சிடுவோம். செதுக்க மட்டும் ஒன்றரை நாள் ஆகும் என்பதால் யோசிக்க நேரம் இருக்காது. அதனால் எங்கே போனாலும் ஒரு நோட்டை எடுத்துப் போவேன். சந்தையிலும் ஸ்டேஷனிலும் கண்ணில் படுகிற முகங்களைப் பென்சிலால் கிறுக்கி, கீழே இடத்தையும் நாளையும் நேரத்தையும் குறித்துவைப்பேன். சொல் வந்ததும் நோட்டைப் புரட்டினால் ஏதாவது ஒரு முகம் கைகொடுக்கும்.

ஒரு வாரம் வந்த சொல் ‘திருட்டு’.

நோட்டைப் புரட்டினேன். முந்தின வாரம் கல்லல் ஸ்டேஷனில் வரைந்த ஓர் ஆள் கிடைத்தார். ஒட்டிய கன்னம், நாலு நாள் தாடி, புருவத்தை வெட்டிக்கொண்டு ஒரு தழும்பு. தோளில் ஒரு பெண் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. மனிதர் ஓர் இடத்தில் நிற்காமல் இங்கும் அங்கும் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு அந்தப் பார்வைதான் வேண்டியிருந்தது. முகத்தை அப்படியே எடுத்துக்கொண்டேன். குழந்தையை நீக்கிவிட்டு அந்த இடத்தில் ஒரு மூட்டையை வைத்தேன். லேசில் பாராட்டாத ஆசிரியர், “பார்த்தாலே மடியைத் தடவிப் பாத்துக்கத் தோணுதய்யா” என்றார். ஒரு வாரம் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

பத்திரிகை வெள்ளிக்கிழமை வெளிவந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும், நாச்சியாபுரத்திலிருந்து ஒருவர் சைக்கிளில் எங்கள் ஆபீசுக்கு வந்து சேர்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“உங்க படத்தாலதான் ஆளு சிக்குனான்” என்றார். “எங்க தெருவுல ஒரு வீட்டுல வெள்ளிச் செம்பு காணாமப் போச்சு. இன்னைக்கு விடியவும் கயிறு விக்கிறவன் ஒருத்தன் வந்தான். பாத்தா நீங்க போட்ட அதே மூஞ்சி, அதே தழும்பு. பிடிச்சு கிராம முன்சீப் வீட்டுல உக்கார வச்சிருக்கோம். திருப்பத்தூர்ல இருந்து போலீஸ் வருது. இவன எப்படிக் கண்டுபிடிச்சீகன்னு நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லணுமாம்.”

ஆசிரியருக்கு ஒரே சந்தோஷம். எனக்கு இல்லை. என் படத்தை அந்த ஊர்க்காரர்கள் போலீஸ் அறிவிப்பு என்று எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆசிரியரைத் தனியாகக் கூப்பிட்டு, அது ஸ்டேஷனில் பார்த்த யாரோ ஒருவரின் முகம் என்று சொன்னேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று. “நோட்டை எடுத்துக்கிட்டு உடனே கிளம்பும்” என்றார்.

அச்சகத்துச் சைக்கிளில் போனேன். அந்த வெயிலில் எப்படி மிதித்தேன் என்று இப்போதும் தெரியவில்லை. படம் முழுக்கக் கற்பனை, முகம் தற்செயலாக ஒத்துப்போயிற்று என்று சொல்லிவிடலாமா என்றுகூட வழியில் நினைத்தேன். அப்படிச் சொன்னால் நான் தப்பித்துக்கொள்வேன், அந்த மனிதர் தப்புவாரா? அந்தத் தழும்பையாவது செதுக்காமல் விட்டிருக்கக்கூடாதா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

முன்சீப் வீட்டு வாசலில் இருபது பேர் கூடியிருந்தார்கள். நடுவில் அந்தக் கயிறு விற்கிறவர் உட்கார்ந்திருந்தார். அவர் விற்கக் கொண்டுவந்த கயிற்றாலேயே அவர் கையைக் கட்டியிருந்தார்கள். மேல்துண்டு கிழிந்திருந்ததே தவிர, நல்லவேளை, யாரும் அடித்திருக்கவில்லை.

“வாங்க. இந்த ஆளுதானே?” என்று முன்சீப் என்னிடம் கேட்டார். அவர் கையில் எங்கள் பத்திரிகை.

“ஆமா, இவரு முகந்தான். ஆனா இவரு திருடுனாருன்னு எனக்குத் தெரியாதுங்க. இவரு பேருகூடத் தெரியாது. ஸ்டேஷன்ல பாத்தேன், படத்துக்கு ஆகும்னு போட்டுட்டேன். தப்பு என்னோடது.”

“விளையாட்டுக்கா போட்டீக?” என்றார் கூட்டத்தில் ஒருவர்.

முன்சீப் விடவில்லை. “அது உங்க தப்பு, சரி. செம்ப இவன் எடுக்கலைங்கிறதுக்கு என்ன இருக்கு?”

“செம்பு என்னைக்குங்க காணாமப் போச்சு?”

“அமாவாசை அன்னைக்கு. மத்தியானம் எல்லாரும் கோயிலுக்குப் போயிருந்தாக.”

நோட்டைப் பிரித்தேன். அந்தப் படத்துக்குக் கீழே என் கையெழுத்தில் இருந்தது: ‘கல்லல் ஸ்டேஷன், அமாவாசை, மதியம்.’

முன்சீப் நோட்டையும் பத்திரிகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு கயிற்றுக்காரரிடம், “இந்தப் பிள்ளை யாரு?” என்று கேட்டார்.

“என் மகதாங்க. காய்ச்சல் அனலாக் கொதிச்சுச்சு. காரைக்குடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நின்னேன். ரயிலக் காணமேன்னு அங்குட்டும் இங்குட்டும் பாத்துக்கிட்டு இருந்தேன். காலையிலயே சொன்னேன், யாரும் கேக்கல.”

நான் திருட்டு முழி என்று நினைத்தது அதைத்தான்.

“அவுத்து விடுங்கப்பா” என்றார் முன்சீப். கட்டை அவிழ்த்தார்கள். நான் கயிற்றுக்காரர் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உள்ளிருந்து ஓர் அம்மாள் இரண்டு பேருக்கும் மோர் கொடுத்தார். போலீஸ்காரர் வந்ததும் முன்சீப்பே நடந்ததைச் சொல்லி அனுப்பிவைத்தார். அந்தச் செம்பு என்ன ஆயிற்று என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

“மன்னிச்சிருங்கண்ணே” என்றேன். கயிற்றுக்காரர் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே நோட்டைக் கேட்டார். கொடுத்தேன்.

“பிள்ளைக்கு இப்ப எப்படி இருக்கு?”

“எந்திரிச்சு ஓடியாடுது” என்றார், படத்திலிருந்து கண்ணை எடுக்காமல். “எப்படி அசந்து தூங்குது பாருங்க.”

அங்கேயே எனக்கு ஒரு நகல் வரைந்துகொண்டு, நோட்டிலிருந்த அசல் தாளைக் கிழித்து அவரிடம் கொடுத்தேன். இந்த வாரம் இதையே பத்திரிகையில் போட்டு, நடந்த தவறையும் எழுதட்டுமா என்று கேட்டேன்.

“போட்டுக்கங்க. மறுபடி மூட்டைய வச்சிராதீக.”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீரோடு. அவர் தாளை மடிக்காமல் சுருட்டி, கயிற்றுச் சுருளுக்கு நடுவே செருகிக்கொண்டு கிளம்பினார். அந்த வாரம் ஆசிரியர் திங்கட்கிழமை கொடுத்த சொல்லை எடுத்துவிட்டு, புதுச் சொல்லை என்னையே எழுதச் சொன்னார். ‘தகப்பன்’ என்று எழுதினேன்.

அதற்குப் பிறகும் பல வருஷங்கள் வாரம் ஒரு படம் போட்டேன். பொறாமை, பேராசை என்று சொல் வந்த வாரங்களில் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்து வரைந்தேன். வேண்டியதெல்லாம் அதிலேயே இருந்தது. தெரியாத ஒருவரின் முகத்தில் எதையாவது படித்துவிட்டதாக நினைக்கிறபோதெல்லாம், என் மனம் இன்றைக்கும் அந்த மனிதர் எதற்காகக் காத்திருக்கிறாரோ என்றுதான் முதலில் கேட்கிறது.