மூன்று பேருக்கு ஒரு பால்கனி

சேதராப்பட்டில் நாங்கள் வேலை செய்த பேக்கிங் ஹாலுக்கு ஜன்னல் கிடையாது. தூசி உள்ளே வரக்கூடாது என்று அப்படிக் கட்டியிருந்தார்கள். அந்த ஹாலில், ஒரே மேசையில், நாங்கள் மூன்று பேரும் பதினெட்டு வருடம் அடுத்தடுத்து நின்று பெட்டி கட்டியிருக்கிறோம். விடியும் முன்பே கம்பெனி பஸ் ஏறுவோம். உள்ளே போனால் டியூப் லைட் வெளிச்சம்தான். வெளியே மழையா வெயிலா என்பது டீக்கு மணி அடித்துக் கதவைத் திறக்கும்போதுதான் தெரியும்.

மூன்று பேரில் மூத்தவள் வில்லியனூர் அக்கா. அவள் கணவர் வில்லியனூர் கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்திருந்தார். பாய் வீட்டுப் பெண் கம்பெனி வேலைக்குப் போவதா என்று சொந்தக்காரர்கள் கேட்டபோது, "அவளுக்குப் பிடிச்சிருக்குது, போறா" என்று ஒரே வார்த்தையில் முடித்தவர் அவர். இன்னொருத்தி கரையாம்புத்தூர்க்காரி. அவளுக்கும் எனக்கும் ஒரே வயது. அப்போது மூலக்குளத்தில் வாடகை வீட்டில் இருந்தாள். பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டு எத்தனையோ வருடமாகிவிட்டது. எங்களுக்கு அவள் ஊர்ப் பெயரே பெயர்.

டீ நேரத்தில் காம்பவுண்டு சுவர் ஓரம் நின்று டம்ளரை உருட்டிக்கொண்டே அக்கா அடிக்கடி ஒன்று சொல்வாள். "செவுரே இல்லாத எடத்துல ஒரு நாளு போயி ஒக்காரணும்டி. சும்மா ஒக்காரணும். அவ்ளோதான்." எங்கே என்று கேட்டால் தெரியாது என்பாள்.

கம்பெனியை மூடிய பிறகு ஆளுக்கு ஒரு பக்கம் போனோம். கரையாம்புத்தூர்க்காரி கணவரோடு சொந்த ஊருக்கே திரும்பிவிட்டாள். அப்பா விட்டுப்போன நிலத்தில் கரும்பு போட்டார்கள். நான் வில்லியனூரைத் தாண்டிய எங்கள் கிராமத்தில் வீட்டோடு தையல் மெஷின் போட்டுக்கொண்டேன். அக்காவின் சின்ன மகள் கல்யாணத்தில்தான் மூன்று பேரும் மறுபடி ஒரே பந்தியில் உட்கார்ந்தோம். பிரியாணி இலையை மடித்துவிட்டு எழுந்த அக்கா, கை கழுவும் இடத்திலேயே சொன்னாள். "சென்னையிலேர்ந்து கப்பல் போவுதாம். ரெண்டு நாளு கடல்ல சுத்திட்டுத் திரும்பி வந்துடுமாம். பெரியவ போன்ல காட்னா. மூணு பேரும் போவலாம்டி." நான் சிரித்தேன். கரையாம்புத்தூர்க்காரி சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, "சரிக்கா, போவலாம்" என்றாள்.

அடுத்த வாரமே மூலக்குளத்தில் ஒரு டிராவல்ஸ் ஆபீசுக்குப் போனோம். செல்போன் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில் சின்ன ஆபீஸ். மேசையில் இருந்த பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். அவள் கம்ப்யூட்டரைத் திருப்பி எங்களுக்குக் கப்பலின் வரைபடத்தைக் காட்டினாள். தீப்பெட்டிகளை அடுக்கியதுபோல வரிசை வரிசையாக அறைகள்.

"மூணு விதம் இருக்குதும்மா. உள்பக்க ரூம், அதுக்கு ஜன்னல் கிடையாது. கடல் பக்கம் ஜன்னல் வச்ச ரூம். அப்புறம் பால்கனி ரூம், கதவைத் தொறந்துட்டு வெளியில போயி ஒக்காரலாம்."

அக்கா வாயைத் திறப்பதற்குள் கரையாம்புத்தூர்க்காரி சொன்னாள். "ஜன்னல் இல்லாததே போதும்மா."

அக்கா அவளைத் திரும்பிப் பார்த்தாள். "இன்னாடி சொல்றே? பதினெட்டு வருஷம் ஜன்னல் இல்லாம நின்னோமே, பத்தலையா?"

"தூங்கறதுக்குத்தானே ரூமு. கடலப் பாக்கணும்னா மேல போயிப் பாத்துக்கினா ஆச்சு."

"காசுக்குப் பாக்கறியா? வித்தியாசத்த நான் போட்டுக்கறேன்."

"காசு இல்லக்கா."

அவள் வரைபடத்தைப் பார்க்காமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யோசித்துவிட்டு வருகிறோம் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு, எதிரே இருந்த டீக்கடைக்கு இருவரையும் கூட்டிப்போனேன்.

அங்கேதான் அவள் சொன்னாள். அதற்கு முந்தின கார்த்திகையில் புயல் கடந்த மறுநாள் அணையிலிருந்து ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்டதில் அவர்கள் ஊருக்குள் வெள்ளம் வந்தது எங்களுக்குத் தெரியும். போன் போட்டுக் கேட்டபோது, "வூட்ல சாமானு நனைஞ்சிடுச்சு, வேற ஒண்ணும் இல்ல" என்றுதான் சொல்லியிருந்தாள். நாங்களும் அதை அப்படியே நம்பிவிட்டோம்.

"கட்டில்லேர்ந்து கால கீழ வக்கிறேன், தண்ணி. வெளக்கு போடறதுக்குள்ள முட்டி வரைக்கும் வந்துடுச்சு. ஆட்ட அவிழ்த்துக்கினு அவரும் நானும் மாடிக்கு ஏறிட்டோம். விடிஞ்சு பாக்கறேன், எந்தப் பக்கம் திரும்புனாலும் தண்ணிதான். கரும்புத் தோகை நுனி மட்டும் தெரியுது. ரெண்டு நாளு அங்கியேதான் இருந்தோம். மூணாம் நாளு படகு வந்துச்சு." டீயை ஒரு வாய் குடித்தாள். "அப்போலேர்ந்து தண்ணியப் பரப்பாப் பாத்தா காலு கூசுதுடி. ஏரிக்கரை மேல பஸ் போனாக்கூட இந்தப் பக்கம் திரும்பிக்குவேன்."

"அப்புறம் கப்பலுக்கு ஏன்டி சரின்னே?" என்று கேட்டேன்.

"நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வந்து கதை சொல்லுவீங்க. நான் கேட்டுக்கினு இருக்கணுமா?"

அக்கா டம்ளரை வைத்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ரோட்டைக் கடந்து மறுபடி ஆபீசுக்குள் போனாள். உள்பக்க அறையைச் சொல்லப் போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். நாங்கள் பின்னாலேயே போனபோது அவள் அந்தப் பெண்ணிடம் விசாரித்துக்கொண்டிருந்தாள்.

"பால்கனிக்குக் கண்ணாடிக் கதவுதானே? அதுக்குத் திரை உண்டா?"

"உண்டும்மா."

"எவ்ளோ கனம்? வெளிச்சம் தெரியுமா, தெரியாதா?"

அப்படி யாரும் இதுவரை கேட்டதில்லை போலிருக்கிறது. அந்தப் பெண் எங்கோ போன் போட்டுக் கேட்டுவிட்டு, இரண்டு திரை இருக்கும், ஒன்று கனமானது, இழுத்துவிட்டால் பகலிலும் இருட்டாக இருக்கும் என்றாள். கட்டில் எந்தப் பக்கம் என்று அக்கா அடுத்துக் கேட்டாள். ஒரு கட்டில் வாசல் கதவுக்குப் பக்கமாக உள்ள அறை வேண்டும் என்று சொன்னாள். பிறகு கரையாம்புத்தூர்க்காரியின் முகத்தைப் பார்த்து, "நீ திரைக்கு இந்தப் பக்கம் இருந்துக்கோ. நாங்க அந்தப் பக்கம் இருந்துக்கறோம். உனக்குத் தண்ணியே தெரியாது. சரியா?" என்றாள். அவள் தலையாட்டினாள்.

எந்த அறை என்று பார்க்க ஆரம்பித்தோம். மேல் தளத்தில் ஆட்டமும் பாட்டும் இருக்கும், அதற்கு நேர் கீழே வேண்டாம் என்று அந்தப் பெண்ணே சொன்னாள். சில பால்கனிகளுக்கு எதிரே உயிர்காப்புப் படகுகள் தொங்குவதால் கடல் மறைக்கும் என்று அவற்றையும் தள்ளினாள். முன்னால் வேண்டுமா, பின்னால் வேண்டுமா, நடுவிலா என்று கேட்டாள். அதற்கு மட்டும் நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் "நடுவுல" என்றோம். கம்பெனி பஸ்ஸில் பின் சீட்டில் உட்கார்ந்தால் தூக்கித் தூக்கிப் போடும். பதினெட்டு வருடம் நடு சீட்டுக்கு அடித்துக்கொண்டவர்கள் நாங்கள்.

கப்பல் ஏறும் நாளில் சென்னைத் துறைமுகத்தில் வரிசை நீளமாக இருந்தது. கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு அட்டை கொடுத்தார்கள். கதவைத் திறப்பதும் அதுதான், சாப்பாட்டுக்குக் காட்டுவதும் அதுதான். அறை வாசலுக்கு வந்ததும் அக்கா எங்களைத் தாழ்வாரத்திலேயே நிற்கச் சொன்னாள். தான் மட்டும் உள்ளே போய்த் திரையை முழுக்க இழுத்துவிட்டு, விளக்குகளையெல்லாம் போட்டுவிட்டு, அப்புறம்தான் கூப்பிட்டாள்.

சின்ன அறை. இரண்டு கட்டில், மூன்றாவது கட்டில் மேலே சுவரில் மடித்து வைத்திருந்தது. கரையாம்புத்தூர்க்காரி வாசல் பக்கக் கட்டிலில், திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். உயிர்காப்புச் சட்டை போடுவதை எல்லோருக்கும் கற்றுக்கொடுத்தபோது மற்றவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஒருத்திதான் வாரை இரண்டு தரம் அவிழ்த்துக் கட்டிப் பார்த்தாள்.

சாயங்காலம் கப்பல் கிளம்பியபோது நானும் அக்காவும் திரையின் ஓரத்தை விலக்கிப் பக்கவாட்டில் நுழைந்து பால்கனிக்குப் போனோம். இரண்டு நாற்காலி, ஒரு குட்டி மேசை, மார்பளவுக்குக் கண்ணாடித் தடுப்பு. அதற்கு அப்பால் ஒன்றும் இல்லை. அக்கா உட்கார்ந்தாள். சென்னை சின்னதாகிக்கொண்டே போனது. தொழுகைக்கு நேரமானதும் போனில் திசை காட்டச் சொன்னாள். கப்பல் திரும்பத் திரும்ப முள்ளும் திரும்பியது. "இன்னாடி இது, நிக்க மாட்டேங்குது" என்று சிரித்துவிட்டு, கடைசியில் சூரியன் இறங்கிய பக்கத்தைப் பார்த்துத் தொழுதாள்.

மறுநாள் காலையில் அக்காவுக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது. அலை பெரிதாக ஒன்றும் இல்லை. எங்கள் இருவருக்கும் எதுவும் தெரியவில்லை. அவள் மட்டும் எழுந்தால் வாந்தி எடுத்தாள், படுத்தால் புலம்பினாள். கப்பல் டாக்டர் கொடுத்த மாத்திரையும் தங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "காத்து வேணும், காத்து வேணும்" என்றாள். எலுமிச்சம்பழமும் கொஞ்சம் மோரும் வாங்கி வரலாம் என்று நான் மேல் தளத்துக்கு ஓடினேன். மோர் கிடைக்கவில்லை. எலுமிச்சம்பழத்துக்கும் மூன்று பேரிடம் கேட்க வேண்டியிருந்தது.

திரும்பி வந்து கதவைத் திறந்தால் அறை முழுக்க வெயில். திரை இரண்டும் ஓரத்துக்குப் போயிருந்தன. கண்ணாடிக் கதவு திறந்து கிடந்தது. அக்கா வெளியே நாற்காலியில் சாய்ந்திருந்தாள். அவள் தலை கரையாம்புத்தூர்க்காரியின் தோளில் இருந்தது. அவள் ஒரு கையால் அக்காவின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். இன்னொரு கை நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்ததில் விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. முகம் நேரே கடலைப் பார்த்திருந்தது.

நான் கையில் எலுமிச்சம்பழத்தோடு அப்படியே நின்றுவிட்டேன்.

"படுத்துக்கினே இருந்தா வாந்தி நிக்காதாம்" என்று திரும்பாமலே சொன்னாள். "தூரமா பாத்துக்கினு ஒக்காந்தா சரியாயிடுமாம். பக்கத்து பால்கனி அம்மா சொன்னாங்க."

"உனக்குப் பயமா இல்லையாடி?"

"இருக்குது. இன்னா பண்றது? நீ பாட்டுக்கு மேல போயிட்டே."

பழத்தை நறுக்கி உப்பு வைத்து அக்காவிடம் கொடுத்தோம். அரைமணி நேரத்தில் அவள் முகத்துக்கு ரத்தம் திரும்பியது. உள்ளே போகலாமா என்று கேட்டேன். இருவரும் எழுந்திருக்கவில்லை. முகம் பார்க்கும் கண்ணாடிக்கு முன்னால் இருந்த முக்காலியை இழுத்து வந்து நானும் இடுக்கில் உட்கார்ந்தேன்.

அன்று பகல் முழுக்க அங்கேதான் இருந்தோம். கப்பலில் மாயவித்தை நடந்தது, நீச்சல் குளம் இருந்தது, எதற்கும் போகவில்லை. பேசிக்கொண்டே இருந்தோம். டப்பாவில் என்ன குழம்பு என்று திறக்காமலே கண்டுபிடிக்கும் சூப்பர்வைசர், மழைநாளில் ஊசுட்டேரிப் பக்கம் பஸ் நின்றுபோய்ச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தது, பக்கத்து மேசையில் நின்றவள், கல்யாணமாகிப் போன பிறகு ஒரு வார்த்தைகூட எழுதாத ஒரு உயரமான பெண். எனக்கு மறந்துபோனவற்றை அவர்கள் சொன்னார்கள். நின்றுகொண்டே வேலை செய்ததால் பதினெட்டு வருடத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசியது குறைவு என்று எனக்கு அன்றுதான் தோன்றியது. எங்களுக்குப் பழக்கமானது ஒருவர் கை இன்னொருவருக்கு. இவள் மடிப்பாள், அவள் ஒட்டுவாள், நான் அடுக்குவேன்.

மத்தியானம் தண்ணீரிலிருந்து சின்னச் சின்ன மீன்கள் கிளம்பிப் பறந்து கொஞ்ச தூரத்தில் விழுந்தன. குருவி என்றாள் அக்கா. மீன்தான் என்றேன் நான். கரையாம்புத்தூர்க்காரி தடுப்பு வரைக்கும் எழுந்து போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "மீனுதான்க்கா" என்றாள். உட்கார்ந்த பிறகு கொஞ்ச நேரம் கழித்து, தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னாள்.

"இந்தத் தண்ணி அது எடத்துலதான் இருக்குதுடி. அன்னிக்கு அது நம்ம வூட்டுக்குள்ள வந்துச்சு. இன்னிக்கு நாமதான் அது வூட்டுக்கு வந்திருக்கோம்."

அக்கா அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அவளுக்குப் பயம் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. மழைக்காலத்தில் இன்றும் கரையாம்புத்தூரிலிருந்து போன் போட்டு ஆற்றில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று சொல்கிறாள். முன்பு சொல்லாமல் மறைத்தவள் இப்போது சொல்கிறாள், அவ்வளவுதான் மாற்றம். நானும் வேலையைப் போட்டுவிட்டு முழுக்கக் கேட்கிறேன்.

அக்கா, கணவர் தவறிய பிறகு, சென்னையில் பெரிய மகளோடு இருக்கிறாள். நாலாவது மாடி. அங்கே துணி காயப்போடும் அளவுக்கு ஒரு பால்கனி உண்டு. எதிரே இன்னொரு அடுக்குமாடிக் கட்டடம். மூட்டு வலியால் பஸ் ஏற முடிவதில்லை. கப்பலுக்குப் பிறகு நாங்கள் மூன்று பேரும் ஒன்றாக உட்காரவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் ஒரே நேரத்தில் போனில் பேசுவோம். யார் பேசுவது யாருக்கும் சரியாகக் கேட்காது. "சொல்லுக்கா", "நீ சொல்லுடி" என்பதிலேயே பாதி நேரம் போய்விடும். போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் எனக்குத் தையல் ஓடாது.