ஒரே டேபிளில் நான்கு அம்மாக்கள்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். பத்தாவதோடு நின்றவனுக்கு எழுத்து எதற்கு என்று போர்வையை இழுத்துப் போர்த்தினேன். பகலில் தூக்கம் வந்தால்தானே! புரண்டு புரண்டு பாய்தான் தேய்கிறது. எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

நாங்கள் இருப்பது அருள்புரத்தில் ஒரு லைன் வீடு. ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள், வாசலில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய். அக்காவும் நானும் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அக்கா பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். மாமா லாரி ஓட்டுகிறார், எப்போது வருவார் என்று அந்த லாரிக்கே தெரியாது. நான் துணி பின்னும் நிட்டிங் ஷெட்டில் நைட் ஷிப்ட். எங்கள் நடுவே ஒன்றரை வயதில் அக்காவின் பாப்பா.

பாப்பாவையும் பக்கத்து அறைக் குழந்தைகளையும் கடைசி அறையில் இருந்த ஒரு அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். மகளுக்குப் பிரசவம் என்று அவர் ஊருக்குக் கிளம்பியதும் எல்லாம் கலைந்தது. அங்கன்வாடியில் இரண்டு வயது ஆகட்டும் என்றார்கள். மெயின் ரோட்டு பிளே ஸ்கூலில் கேட்ட பணத்துக்கு அக்காவும் கூடவே போய் உட்கார்ந்து பாட்டுப் பாடிவிட்டு வரலாம். அதையும் நாலு மணிக்கு இழுத்து மூடிவிடுவார்கள். கம்பெனியிலோ இன்றைக்கு ஓ.டி., அதாவது கூடுதல் நேர வேலை, உண்டா இல்லையா என்பதே சாயங்கால டீயின்போதுதான் தெரியும்.

அக்கா ஒரு வாரம் லீவு போட்டு நான்கு பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டாள், அவள் மெஷினில் வேறு டேபிள் ஆளை உட்காரவைத்துச் சமாளித்தார்கள். கம்பெனி காண்ட்ராக்டர் போனில் சொன்னது எனக்கும் கேட்டது. "இனி ஒரு நாள் லீவு போட்டாலும் மெசினுக்கு வேற ஆள் போட்டுருவனுங்க. என்னையச் சொல்லிக் குத்தமில்லீங்க." அக்கா போனை வைத்துவிட்டுப் பாப்பாவைப் பார்த்தாள். அது சிரித்தது. அதற்கென்ன, சரக்கு அனுப்புகிற ஷிப்மெண்ட் அவசரம் அதற்கா?

அன்று சாயங்காலம் லைன் வீட்டு அம்மாக்கள் நான்கு பேரும் குழாயடியில் கூடித் திட்டம் போட்டார்கள். ஆளுக்கு ஒரு நாள் வீட்டில் இருந்து எல்லாப் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வது. முதல் நாள் அக்காவின் முறை. நால்வரில் ஒருத்திதானே வரவில்லை, காண்ட்ராக்டர் ஒன்றும் சொல்லமாட்டார் என்று மற்ற மூவரும் தைரியம் சொன்னார்கள். கேட்டுக்கொண்டிருந்த எனக்கும் அபாரமாகத்தான் பட்டது.

மறுநாள் பத்து மணிக்கே காண்ட்ராக்டரின் பைக் வாசலில் நின்றது. நான்கு பேருக்கும் ஒரே டேபிளில்தான் வேலை. அக்கா பனியனின் தோளைச் சேர்த்துக் கொடுத்தால்தான் அடுத்தவள் கை வைப்பாள், அதற்கடுத்தவள் கழுத்துக்குப் போவாள், கடைசி ஆள் அடி மடிப்பாள். அன்று மாற்று ஆளும் இல்லை; முதல் மெஷின் காலியென்றால் மொத்த டேபிளும் சும்மா.

"ஏனுங்க, தோளே சேராத பனியனுக்குக் கையை நான் எங்கீங்க வெக்கறது?" என்றார். கோபத்திலும் அந்த 'ங்க' மட்டும் குறையவில்லை.

"புள்ளைய என்ன செய்யச் சொல்லுதிய?" என்று அக்காவும் குரலை உயர்த்தினாள்.

"அது எனக்குப் புரியுதுங்க. ஆனா சரக்கு போகோணுமில்லீங்க. நாளைக்குச் சீட்டுல ஆள் இருக்கோணும், அவ்வளவுதான்."

அவர் போனபின் நான் சொன்னேன்: "நான் பாத்துக்கிடுதேன்க்கா."

"ராத்திரி பூரா முழிச்சிட்டு வந்து நீ குறட்டை விடுவ. புள்ள உன் மூக்குல கோலிய போட்டு வெளையாடும். போலே."

எனக்கு ஒரு ஆள் ஞாபகம் வந்தது. பகலில் என் மெஷினை ஓட்டுகிறவன் ஒரு பீகார்க்காரன். அவன் கையிலிருந்துதான் ராத்திரி நான் மெஷினை வாங்குவேன். தமிழ் சொல்லிக் கொடுத்தவன் நான் என்பதால் முதலில் கெட்ட வார்த்தைகளைத்தான் கற்றான். அவன் இருப்பது எங்கள் லைனுக்குப் பின்னால். கைக்குழந்தையோடு மனைவி வீட்டில்தான் இருக்கிறாள். தினமும் அதே குழாயில்தான் தண்ணீர் பிடிக்கிறாள். யாருமே அவளைக் கேட்கவில்லை. சாயங்காலம் வேலை முடிந்து வந்தவர்களிடம் குழாயடியில் சொன்னேன்.

"அவளுக்குத் தமிழ் தெரியாதே" என்றாள் அடி மடிக்கிற பக்கத்து அறை அக்கா.

"பாப்பாவுக்கு மட்டும் தெரியுமாக்கும்?" என்றேன்.

ஷிப்ட் மாறும்போது அவனிடம் சொன்னேன். "அவகிட்ட நேரா பேசு. எனக்கே அவகிட்ட பயம்" என்றான். அன்று ராத்திரி மெஷினில் எத்தனை முறை நூல் அறுந்ததோ, என் புத்தி அங்கே இல்லை. விடிந்ததும் ஓடினேன். நான் போனில் சொல்லியிருந்தபடி, பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு அக்கா அவன் மனைவியின் வாசலில் நின்றிருந்தாள், கம்பெனி வண்டி வர இன்னும் கொஞ்ச நேரம்தான். மற்றவர்களும் டிபன் பாக்ஸோடு நின்றார்கள். ஷெட்டில் கற்ற அரைகுறை இந்தியில் நான்தான் மொழிபெயர்ப்பாளன்.

அவள் பேச்சில் தயக்கமே இல்லை. சனிக்கிழமை சம்பளம். ஞாயிறு லீவு. ஓ.டி. என்றால் தனிக் காசு. பிள்ளைக்கு உடம்பு சுட்டால் அன்று கூட்டிவரக் கூடாது. பழைய அம்மாவுக்கு இவர்கள் கையில் வந்ததைக் கொடுப்பார்கள். இவளோ டெய்லர்கள் மாதிரியே கண்டிஷன் போட்டாள்.

"அப்புறம் தம்பிக்கு தினம் ஒரு டீ போட்டுத் தரணுமாம்" என்று நானாக ஒன்றைச் சேர்த்தேன்.

"அவ ஒண்ணும் அப்படிச் சொல்லல" என்று தலையில் குட்டிய அக்கா அவளைப் பார்த்தாள். "நாலு பேரு பங்கு போட்டா தாங்கும். நியாயமாத்தான் கேக்கா." பாப்பாவை நீட்டினாள். வாங்கிக்கொண்ட அவள் கதவுக்குக் குறுக்கே ஒரு பலகையை வைத்துவிட்டு உள்ளே போனாள். வண்டி ஹாரன் அடித்தது. பாப்பா அழுத அழுகையில் அக்கா திரும்பாமலே ஏறினாள்.

தூங்கவேண்டியது நான். படுத்தேன், எழுந்தேன், ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். அழுகை நின்றிருந்தது. நின்றதும் பயமாக இருந்தது. மறுபடி போனேன். தண்ணீர் பிடிக்கிற சாக்கில் வெறுங்குடத்தோடு இன்னொரு முறை. பலகைக்கு அந்தப் பக்கம் நான்கு பிள்ளைகளும் சப்பாத்தியைப் பிய்த்துக்கொண்டிருந்தன. அவள் என்னைப் பார்த்து முறைத்தாள்.

சாயங்காலம் அக்காவின் போன். "சீட்டு எனக்குத்தாம்ல. காண்ட்ராக்டர் ஒண்ணும் சொல்லல. ஆனா இன்னைக்கு ஒண்ணர ஷிப்டு. அவ இருப்பாளா? கேட்டுச் சொல்லு."

இந்தியில் வாக்கியத்தைக் கூட்டிக்கொண்டே போய் நின்றேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே கேட்டாள்: "ஓ.டி.?" தலையாட்டினேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அடுப்பில் பருப்பு ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தது. பாப்பாவைக் கூப்பிட்டேன். அது என்னை யாரோ என்பதுபோல் பார்த்துவிட்டு அவள் மடியில் போய் உட்கார்ந்தது.

அக்காவுக்குச் சரியென்று சொல்லிவிட்டு, ஷெட்டில் இருந்தவனுக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டேன்: "உன் பொண்டாட்டி ஓ.டி.யும் பாக்கா. நான்தான் பகல் பூரா கண்ணு மூடல, அந்த ஜன்னலுக்கும் பாய்க்கும் நடந்தே செத்தேன்."

உடனே பதில் வந்தது: "நாளைக்கு நீயும் பலகைக்கு அந்தப் பக்கமே படுத்துக்கோ, சப்பாத்தி குடுப்பா."